துவிச்சக்கரவண்டிச் சில்லும் உலோக அரிப்பும்

இரும்பைத் துரு தின்னும் என்பதைக் கடற்கரையோரத்திற் பிறந்த எவருக்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வடக்கே கடலும், ஊரை ஊடறுத்துச் செல்லும் உவர்நீரேரியும் உடைய எமது தொண்டைமானாற்றிலே கதவுப் பிணைச்சல், கிணற்றுக் கப்பி, வேலிக்கம்பி ஆகியவற்றுள் எதுவும் நெடுங்காலம் நிலைப்பதில்லை. சோளகம் வீசும் மாதங்களில் ஏரி வற்றிய தரையிலே உப்புப் பூத்துக் கிடப்பதையும், வாடைக்காற்றுக் கடல்நீர்த் துளிகளை அள்ளி வந்து சுவர்களிற் படியவிடுவதையும் ஆண்டுதோறும் காண்கின்றோம். ஆதலின், துருவை எம் வீட்டு விருந்தாளி என்றே கூறிவிடலாம்.

ஆயின் துருவை அறிந்த எமக்கு அரிப்பு முழுவதும் தெரிந்துவிட்டதென எண்ணுவது தவறு. முப்பது ஆண்டுகளாக மாணாக்கருக்கு இரசாயனம் கற்பித்த அடியேன் அத்தவற்றைச் செய்தேன். அதனை உணர்த்தியது ஒரு துவிச்சக்கரவண்டிச் சில்லு. அச்சில்லிற் கற்ற பாடத்தைக் கல்லூரியின் பழைய மாணவரும் இன்றைய மாணாக்கரும் அறிந்துகொள்ளுதல் பயனுடைத்து என எண்ணி இக்கட்டுரையை எழுதலானேன்.

நிகழ்ந்தது இது

அயல்நாட்டில் வாழும் என் மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு புதுவகைத் துவிச்சக்கரவண்டியைக் கொண்டுவந்தான். திரும்புங்கால் அதனைத் தன் தங்கை மகனுக்கு, அஃதாவது என் பேரனுக்கு, விட்டுச் சென்றான். அவ்வண்டியின் சில்லுகள் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனவை; ரயருக்குள்ளே ரியூப் இல்லை; முள்ளுக் குத்தினால் தானே அடைத்துக்கொள்ளும் வெண்ணிறப் பால் ஒன்று ரயருக்குள் ஊற்றப்பட்டிருந்தது. எமது ஒழுங்கைகளில் கருவேல முள்ளு மலிந்திருத்தலின், பேரனுக்கு அது பெருவரமாகவே தோன்றிற்று.

ஐப்பசி மாதத்திற் பரீட்சை நெருங்க, வண்டி கொட்டிலின் ஓரத்தில் நிறுத்தப்பட்டது. முன்சில்லிற் காற்றிறங்கி, ரயர் மடிந்து, மாரி முழுவதும் அவ்வாறே நின்றது. தைமாதத்திற் பேரன் மீண்டும் காற்றடித்தான். பால் தடித்துவிட்டதென்று கண்டு, வீட்டுக் கிணற்று நீரைச் சிறிது கலந்து ஊற்றினான். காற்று நாள்தோறும் இறங்கிற்று. இறங்குந்தோறும் மேலும் பாலை ஊற்றினான். றிம்மைப் பார்க்கும்படி ஒருநாள் என்னிடம் கேட்டான். வெளிப்புறம் பளபளப்பாயிருந்தது. "அது அலுமினியமடா, அதுக்கு ஒண்டும் வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்த கிழமை, பாலத்துக்கு அண்மையில் முன்சில்லின் கம்பிகள் மூன்று ஒருங்கே விடுபட, சில்லு வளைந்து வண்டி சரிந்தது. பேரன் முழங்கை தோலுரிந்ததோடு தப்பினான். பின்னால் வாகனம் யாதும் வாராதிருந்தமை எம் நற்பேறு. வீட்டுக்கு வந்து ரயரைக் கழற்றியவன் என்னை அழைத்தான். "தாத்தா, உள்ளுக்குச் சுண்ணாம்பு பூத்த மாதிரிக் கிடக்கு. அலுமினியம் துருப்பிடியாது எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்?" என்றான்.

அவ்வினாவுக்கு விடையளிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய சில்லும் புதிய சில்லும்

எமது இளமையில் யாழ்ப்பாணக் குடாநாட்டு வீதிகளில் ஓடிய றலி, ஹம்பர் முதலிய வண்டிகளின் சில்லுகள் உருக்காலானவை, குரோமியப் பூச்சுடையவை. பூச்சு உரிந்த இடத்திற் செந்நிறத் துரு தோன்றும். அத்துருவைக் கண்டு தேங்காயெண்ணெய் பூசுவோரும், மண்ணெண்ணெயில் துணி நனைத்துத் துடைப்போரும் இருந்தனர். 1990களில் குடாநாட்டிற்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்த ஆண்டுகளில் நோயாளியையும் விறகையும் நெல்மூடையையும் சுமந்தது துவிச்சக்கரவண்டியே. அதன் மின்பிறப்பியை மிதித்துச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டதும் அக்காலத்திலேதான். ஒரு றிம்மைப் பேணுவது குடும்பத்தைப் பேணுவதற்கு ஒப்பாயிருந்தது. அப்பேணுதலுக்கு உதவியது துருவின் செந்நிறம். அது தன் வருகையைத் தானே அறிவித்தது.

ஸ்கொத்லாந்திற் பிறந்த ஜோன் பொயிட் டன்லொப் 1888 இல் பெல்பாஸ்ற் நகரிலே காற்றடைத்த ரயரைச் செய்தளித்த காலந்தொட்டு, காற்றைத் தாங்கும் வேலையைப் பெரும்பாலான வண்டிகளில் ரியூப்பே செய்துவந்தது. மலைவழி ஓடும் துவிச்சக்கரவண்டிகளுக்கான ரியூபற்ற சில்லுமுறை 1999 இல் பிரான்சிலே ஓர் ஒழுங்குபட்ட அமைப்பாக வெளிவந்தது. இம்முறையில் ரயரின் விளிம்பு றிம்மோடு இறுகப் பொருந்துகின்றது. கம்பித் துளைகளை மூடும் நாடா ஒன்று றிம்மின் உட்டளத்தில் ஒட்டப்படுகின்றது. காற்றைத் தாங்கும் சுவர்களுள் ஒன்றாக றிம்மே அமைந்துவிடுகின்றது. முன்னர் இறப்பர் ரியூப்புக்கு அப்பால் உலர்ந்திருந்த உலோகம் இப்போது ஒரு திரவத்தின் பாத்திரமாகிவிட்டது. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்துதல் வேண்டும்.

பாலும் அதனைக் காக்கும் அமோனியாவும்

கடைகளிற் 'சீலன்ற்' எனப்படும் துளையடைப்புப் பாலிற் பலவகையுண்டு. அவற்றுட் பெரும்பாலானவற்றின் அடிப்படை இறப்பர்ப் பால். 1876 இல் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து இறப்பர் நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன என்பது வரலாறு. அந்நாற்றுகளின் வழிவந்த மரங்களைக் களுத்துறை, கேகாலை மாவட்டங்களிற் பால்வெட்டும் தொழிலாளரிடம் கேட்டால், வெட்டிய பாலை அப்படியே வைத்திருக்க முடியாது என்பர். சில மணி நேரத்திலேயே நுண்ணுயிர்கள் பாலிற் பெருகி அமிலத்தை உண்டாக்க, பால் திரைந்துவிடும்.

இதனைத் தடுக்கவே அமோனியா சேர்க்கின்றனர். அமோனியா நுண்ணுயிர்களை அடக்குகின்றது. பாலைக் காரத்தன்மையில் வைத்து, இறப்பர்த் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாது விலகி நிற்கச் செய்கின்றது. மையநீக்க இயந்திரத்திற் சுழற்றி 60 சதவீத இறப்பர் அளவுக்குச் செறிவாக்கிய பாலில், உயர் அமோனியா வகையாயின் ஏறத்தாழ 0.7 சதவீதமும், தாழ் அமோனியா வகையாயின் ஏறத்தாழ 0.2 சதவீதமும் அமோனியா இருக்கும். அத்தகைய பாலின் பீ.எச். பெறுமானம் 10 ஐ அண்மியது. இதனோடு நீர், கிளைக்கோல், நார்த்துணுக்கு, நுண்மணல் போன்றவை சேர்ந்தே துளையடைப்புப் பால் ஆகின்றது. முள் குத்தியவுடன் வெளியேறும் காற்றுப் பாலைத் துளைக்குத் தள்ள, நாரும் மணலும் துளையை நெருக்க, இறப்பர் அங்கே திரைந்து இறுகுகின்றது.

பாலுக்கு உயிரளிக்கும் காரம் அலுமினியத்துக்கு எவ்வாறு பகையாகின்றது என்பதை இனிக் காண்போம்.

அலுமினியத்தின் மேலாடை

அலுமினியம் உண்மையில் மிகுந்த தாக்குதிறனுடைய உலோகம். அது காற்றிற் கெடாதிருப்பதற்குக் காரணம், அதன் மேற்பரப்பு ஒட்சிசனோடு கணத்திற் சேர்ந்து ஒட்சைட்டுப் படையொன்றை உண்டாக்கிக்கொள்வதே. இயல்பாக உண்டாகும் அப்படையின் தடிப்பு இரண்டு முதல் நான்கு நனோமீற்றர் வரையில் உளது. ஒரு நனோமீற்றர் மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. மின்முறையாலே தொழிற்சாலையில் தடிப்பாக்கினால் அது 5 முதல் 25 மைக்குரோமீற்றர் வரையாகும். நல்ல றிம்களுக்கு இவ்வாறான தடித்த படை உண்டு.

இதனை எமதூர் வான்கதவுகளோடு ஒப்பிடலாம். தொண்டைமானாற்று முகத்துவாரத்திலுள்ள தடுப்பணையின் பணி, கடல்நீர் ஏரிக்குள் ஏறாது மறித்து, மாரிநீரை உள்ளே தேக்கி, காலப்போக்கில் ஏரியையும் சூழவுள்ள கிணறுகளையும் நன்னீராக்குவது. பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டத்தின் ஓர் உறுப்பும் அதுவே. கதவுகள் பழுதுற்றபோது உவர்நீர் உட்புகுந்தமையை இவ்வட்டாரத்து விவசாயிகள் நன்கறிவர். முழு அணையும் உடைய வேண்டுவதில்லை. ஒரு கதவு கசிந்தாற் போதும். ஒட்சைட்டுப் படையின் நிலையும் அத்தகையது.

இப்படை எந்நிலையிலும் நிலைத்திருப்பதன்று. அலுமினியம் ஒட்சைட்டு ஈரியல்புடையது. அஃதாவது அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். பெல்ஜிய நாட்டு அறிஞர் மார்செல் பூர்பே வகுத்த முறையில் வரைந்த படங்களை நோக்கின், பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 4 இற்கும் 8.5 இற்கும் இடையிலேயே இப்படை உறுதியாயிருத்தல் புலனாகும். இறப்பர்ப் பாலின் பெறுமானம் இவ்வெல்லைக்கு அப்பாற்பட்டது. ஆகவே, காரம் படையைக் கரைக்க, வெறும் உலோகம் நீரோடு தாக்கமுற்று ஐதரசன் வாயுவை வெளிவிட்டுத் தான் ஐதரொட்சைட்டாகின்றது. பேரன் கண்ட 'சுண்ணாம்பு' அவ்வைதரொட்சைட்டே.

கணக்கில் ஆர்வமுடைய மாணாக்கர் இரண்டு எண்களைத் தாமே கணித்தறிக. 54 கிராம் அலுமினியம் முற்றாகத் தாக்கமுறின், நியம வெப்பநிலை அமுக்கத்தில் 67.2 லீற்றர் ஐதரசன் உண்டாகும். ஆகவே ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 1.24 லீற்றர். மேலும், உண்டாகும் ஐதரொட்சைட்டின் கனவளவு, அழிந்த உலோகத்தின் கனவளவிலும் மும்மடங்குக்கு மேற்பட்டது. நாடாவின் கீழே இவ்வெண்பொடி வளர்கையில் நாடா மேலெழுந்து பிரிகின்றது. பிரிந்த நாடாவின் கீழ் மேலும் பால் புகுகின்றது. எமது சில்லு நாள்தோறும் காற்றிழந்ததன் காரணம் இதுவே. அதனை அறியாது மேலும் பாலை ஊற்றியது நோய்க்கு உணவளித்தது போலாயிற்று.

உப்பு என்னும் துணைப்பகை

ஈண்டு நடுநிலையோடு ஒன்று கூறுதல் கடன். அமோனியா எரிசோடாவைப் போல வன்காரமன்று. அமோனியாக் கரைசலில் இட்ட அலுமினியம் முதலில் தாக்கப்பட்டாலும், சிறிது நேரத்திற் புதிய படை தோன்றித் தாக்குதல் தணிவதுண்டு. தடித்த படையுடைய றிம்கள் பல ஆண்டுகள் பழுதின்றி ஓடுவதும் உண்மை. அவ்வாறாயின் எமது சில்லு மாத்திரம் கெட்டதேன்?

மூன்று காரணங்கள் ஒருங்கு சேர்ந்தன. முதலாவது, ரயரைக் கழற்றுகையில் உருக்கு நெம்புகோல் கீறியமையாற் றிம்மின் உட்டளத்திற் பாதுகாப்புப் படை அறுந்திருந்தது. இரண்டாவது, காற்றுள்ள ரயரிற் பால் ரயரின் அடிப்பாகத்திலேயே கிடக்கும். றிம்மை இடையிடையேதான் நனைக்கும். காற்றிறங்கி ரயர் மடிந்து நின்ற மாதங்களிலோ பால் றிம்மைத் தொட்டவாறே தேங்கிற்று. குழிகள் யாவும் றிம்மின் ஒரு பகுதியிலேயே காணப்பட்டமை இதற்குச் சான்று. மூன்றாவது, பேரன் கலந்த கிணற்று நீர்.

கடல்நீரில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புண்டு. எமது கரையோரக் கிணறுகளில் அவ்வளவு இல்லையெனினும், நாவுக்குத் தெரியுமளவு உவர் உண்டு. உப்பிலுள்ள குளோரைட்டு அயன்கள் ஒட்சைட்டுப் படையின் நலிந்த இடங்களைத் தேடித் துளைத்து, அங்கே புதிய படை உண்டாவதைத் தடுக்கின்றன. இதனாலேயே அரிப்பு எங்கும் பரவாது குழிகுழியாக ஆழத்திற் செல்கின்றது. காரம் கதவைத் தளர்த்திற்று, உப்பு உட்புகுந்தது.

கம்பி விடுபட்ட காரணம்

றிம்மையும் கம்பியையும் இணைக்கும் நிப்பிள்கள் பெரும்பாலும் பித்தளையாலானவை. ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 100 கிலோகிராம் நிறையைத் தொங்கவிட்டாற்போன்ற இழுவிசையில் நிற்கின்றது. கெட்ட நாடாவின் ஊடாகக் கசிந்த பால் நிப்பிள்களையும் அடைந்தது. உப்புநீர் மின்பகுபொருளாக அமைய, பித்தளை கதோட்டாகவும் அலுமினியம் அனோட்டாகவும் நின்று ஒரு மின்கலமே அங்கு தோன்றும்; அழிவது அனோட்டாகிய அலுமினியம். நிப்பிளைத் தாங்கும் துளையின் விளிம்பு இவ்வாறு மெலிந்துபோகும்.

பித்தளைக்கும் அமோனியா நண்பனன்று. இந்தியாவில் நிலைகொண்டிருந்த பிரித்தானியப் படையினரின் பித்தளைத் தோட்டா உறைகள், மழைக்காலத்திற் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது காரணமின்றி வெடிப்புற்றன. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும், உறைகளை உருவாக்குகையில் உலோகத்தினுள்ளே தங்கிய தகைப்பும் ஒருங்கே அதற்குக் காரணம் என 1921 இல் விளக்கப்பட்டது. மழைப்பருவத்தில் நிகழ்ந்தமையாற் பருவவெடிப்பு என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. இழுவிசை, அமோனியா, ஈரம் ஆகிய மூன்றும் கூடும் இடத்திற் பித்தளை வெடிக்கலாம். கசிவுற்ற சில்லிலே இம்மூன்றும் உள. எமது சில்லில் விடுபட்ட நிப்பிள்களுள் ஒன்று தலையற்றுக் கிடந்தது. ஏனைய இரண்டும் மெலிந்த துளை விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தன.

செய்யத்தக்கன

இவ்வகைச் சில்லுகளை வைத்திருப்போர் அஞ்சி அவற்றை ஒதுக்க வேண்டுவதில்லை. பின்வருவனவற்றைக் கைக்கொண்டாற் போதுமானது.

ஒன்று: அமோனியா சேராத பால் எனக் குறிப்பிடப்பட்டதையே வாங்குக. சிலர் புட்டியை மோந்து பார்த்துத் தெரிந்துகொள்வர். ஆயினும் குறிப்பை வாசிப்பதே தக்கது.

இரண்டு: மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் ரயரின் ஒருபக்கத்தைக் கழற்றி உட்புறத்தைப் பார்க்குக. பழைய பாலை அகற்றி, நன்னீராற் கழுவி, நன்கு உலர்த்தியபின் புதுப்பால் ஊற்றுக. எரிசோடா, சலவைச்சோடா போன்ற காரங்களாற் கழுவுதல் ஆகாது.

மூன்று: தடித்த பாலோடு கிணற்று நீரைக் கலத்தல் கூடாது. கழுவுவதற்கும் உவரற்ற நீரையே பயன்படுத்துக. மாரியிற் பிடித்துவைத்த மழைநீர் சாலச் சிறந்தது.

நான்கு: நாடா நெளிந்தோ கிழிந்தோ இருப்பின் அதன்மேல் மற்றொன்றை ஒட்டாது, முற்றாக உரித்துக் கீழே உள்ளதைப் பார்த்தபின் புதிது ஒட்டுக. ரயர் கழற்ற உருக்கு நெம்புகோலை விடுத்துப் பிளாஸ்ரிக்கினால் ஆனதைக் கைக்கொள்க.

ஐந்து: நெடுநாள் ஓடாது நிறுத்துவதாயிற் பாலை வெளியேற்றிவிடுக. அஃது இயலாதெனின் காற்றிறங்க விடாது பார்த்துக்கொள்க.

ஆறு: வெண்பொடியைத் துடைத்தபின் நகம் தடுக்கும் ஆழத்திற் குழி தென்படின், குறிப்பாகக் கம்பித் துளையின் அருகில் தென்படின், அந்த றிம்மைக் கைவிடுக. ஒரு றிம்மின் விலை ஓர் உயிரின் விலைக்கு ஈடன்று.

மாணாக்கர்க்கு ஒரு பரிசோதனை

பழைய றிம்மொன்றை அறுத்து எட்டுத் துண்டுகள் எடுக்குக. நான்கைக் கண்ணாடித்தாளால் தேய்த்து உலோகம் தெரியச் செய்க. நான்கை அவ்வாறே விடுக. யாவற்றையும் நிறுத்துக் குறித்துக்கொள்க. நான்கு மூடிய போத்தல்களில் முறையே மழைநீர், உப்புக் கரைசல், ஐதான அமோனியாக் கரைசல், உப்புச் சேர்ந்த ஐதான அமோனியாக் கரைசல் ஆகியவற்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் தேய்த்தது ஒன்றும் தேயாதது ஒன்றும் இடுக. அமோனியாவைக் காற்றோட்டமுள்ள இடத்தில் ஆசிரியர் முன்னிலையிலேயே கையாளுக. வாயு வெளியேறுதற்கு மூடியைச் சிறிது தளர்த்தி வைத்தல் வேண்டும். முப்பது நாட்களின் பின் துண்டுகளைக் கழுவி உலர்த்தி மீண்டும் நிறுக்குக. நிறை குறைந்தவை எவை, குழியுற்றவை எவை, நிறை குறையாமலே குழியுற்றதுபோல் தோன்றுவன உளவோ என ஆராய்க. விடையை நான் முன்கூட்டி உரையேன். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்களுக்கு விடையெழுதிப் பயின்ற எம் மாணாக்கர், வினாத்தாளில் இல்லாத வினா ஒன்றுக்கும் தாமே விடைகாண வல்லவர் என்பது என் நம்பிக்கை.

முடிவுரை

"அலுமினியம் துருப்பிடியாது" என யான் கற்பித்தது சொல்லளவில் மெய். துரு என்பது இரும்புக்கே உரிய பெயர். ஆயின் அச்சொல்லைக் கேட்ட மாணாக்கன், அலுமினியம் கெடாது என்றே பொருள்கொண்டான். கற்பித்த யானும் காலப்போக்கில் அவ்வாறே எண்ணத் தலைப்பட்டேன். ஈரியல்புள்ள ஒட்சைட்டைப் பற்றிக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பது எனக்கே தெரியாது. எழுதிய அறிவு, கண்ணெதிரே வந்த சில்லைத் திறந்து பார்க்கும்படி என்னைத் தூண்டவில்லை. செந்நிறத் துருவைக் கண்டு பழகிய கண் வெண்ணிறத்தைத் தேடவில்லை.

பேரனிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன். இருவரும் சேர்ந்து அந்த றிம்மைக் குறுக்காக அறுத்தோம். வெளியே பளபளப்பும் உள்ளே வெண்பொடியும் குழிகளும் ஒருங்கே தெரியும் துண்டொன்றை, இவ்விழா ஆண்டில் நம் கல்லூரி இரசாயன ஆய்கூடத்துக்கு அளித்துள்ளேன். அலுமினியப் பாடம் நடக்கும் நாளில் ஆசிரியர் அதனை மாணாக்கர் கையிற் கொடுத்துத் தடவிப் பார்க்கச் செய்வாராயின், அச்சில்லு பாலத்தருகே முறிந்ததும் பயனுடையதாகும்.